ப்ளஸ் எந்தப் பக்கம்?

எங்கள் ஆம்பூரில் கார் பேட்டரி வெயிலில் சாகும். சித்திரை மாதம் பைபாஸ் ஓரம் நிறுத்திவிட்டு டீ குடித்துத் திரும்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இங்கே, இங்கிலாந்தின் வடக்கில், அது குளிரில் சாகிறது. சாவு ஒன்றுதான், சத்தமும் அதே 'டிக்'தான். துக்கம் விசாரிக்கிற முறைதான் வேறு. ஊரில் நாம் பானெட்டைத் தூக்குவதற்குள் நாலு பேர் பின்னால் வந்து நின்று, 'செகண்ட் கியர்ல போடும்மா' என்று தள்ளத் தொடங்கியிருப்பார்கள். இங்கே எதிர்வீட்டு ஜன்னலில் திரை கொஞ்சம் விலகியது, மறுபடி மூடியது. பத்து நிமிஷம் கழித்து அந்த வீட்டுக்காரர் கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, தோளில் ஒயருடன் வந்து, 'மன்னிக்க வேண்டும், உதவி ஏதாவது தேவையா?' என்றார். ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைக் கெடுத்தது என் வண்டி, மன்னிப்புக் கேட்டது அவர். தன் காரிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பிவிட்டு, 'பேட்டரி முடிந்துவிட்டது. எஞ்சினை அணைக்காமல் நேராகக் கடைக்குப் போ' என்றார்.

எனக்கு அன்றைக்கே மாற்றியாக வேண்டும். நான் இங்கே கேரர், அதாவது வீடு வீடாகப் போய் முடியாதவர்களை எழுப்பி, துடைத்து, உடுத்திவிடுகிற வேலை. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு ஆர்தர் என்கிற பெரியவர் வீட்டில் நான் நிற்க வேண்டும். ஏழரைக்கு அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக ஆஸ்பத்திரி வேன் வரும். அவர் தயாராக இல்லையென்றால் காத்திருக்காது. அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ்ஸும் கிடையாது. நானோ ப்ரொபேஷனில் இருக்கிறேன், ஏற்கெனவே இரண்டு முறை லேட். மூன்றாவது முறை நடந்தால் வேலை போகும், வேலையோடு விசாவும் போகும் என்று மேனேஜரம்மா சிரித்த முகத்தோடே சொல்லியிருந்தார். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த 'டிக்' கேட்ட நொடியில், போனால் போகட்டும், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடலாம் என்று மனசு ஒரு குதி குதித்தது. அடுத்த நொடி ஆர்தர் கட்டிலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது மனக்கண்ணில் வந்தது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கடை வாசலில் வண்டியை உறுமவிட்டே நிறுத்தி, என் வீட்டுக்காரர் தேவாவுக்குப் போன் போட்டேன். அவர் ஆம்பூரில் வாடகைக் கார் ஓட்டுகிறார். அப்போது காட்பாடி ஸ்டேஷன் வாசலில் சவாரிக்குக் காத்திருந்தார்.

'டிஸ்டில் வாட்டர் ஊத்திப் பாத்தியா?'

'இங்க எல்லாம் மூடி வச்ச பேட்டரிங்க. தொறக்கவே முடியாது.'

'அப்ப வாரண்டி எது ஜாஸ்தியோ அத்த வாங்கு. இன்னா, புரியுதா? கம்மி வெலன்னு குப்பையத் தலைல கட்டிடுவான்.'

நம் ஊரில் பேட்டரி வாங்குவது அப்படித்தான். வாரண்டி எத்தனை மாசம், வெயில் தாங்குமா என்று இரண்டே கேள்வி. இங்கே கல்லாவில் நின்ற கேரி என்பவர் என் வண்டி நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு வேறு மாதிரி ஆரம்பித்தார். பெட்டியின் நீளம் அகலம் இடத்தில் உட்கார வேண்டும், உறைகிற குளிரில் எஞ்சினைச் சுற்றிவிடும் தெம்புக்குத் தனியாக ஒரு எண் உண்டு, அது குறையக் கூடாது. அதுவரை சரி. கடைசியில் கம்ப்யூட்டர் இரண்டு பேட்டரியைக் காட்டியது. அளவு ஒன்று, தெம்பு ஒன்று. ஒன்றில் ப்ளஸ் முனை இடது பக்கம், மற்றதில் வலது பக்கம். மாற்றி வாங்கினால் காரின் ஒயர் முனைக்கு எட்டாது. என் வண்டிக்கு எது என்று அதற்கே தெரியவில்லை. பழைய பேட்டரியின் லேபிளும் என்றைக்கோ கிழிந்து போயிருந்தது.

கேரி வெளியே வந்து பம்பர் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார். 'ப்ளஸ் இடது பக்கம்' என்று சொல்லி, இடதுபக்கப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். நான் பார்த்தேன். பெட்டியின் மேல் அச்சடித்திருந்த படத்தில் இரண்டு முனைகளும் பார்ப்பவருக்குக் கிட்டே இருந்தன. என் வண்டியிலோ முனைகள் எட்ட, காரின் முன்கண்ணாடிப் பக்கம் இருந்தன. 'இது இல்லை, இன்னொன்று' என்றேன். அவர் பொறுமையாக என் இடது கையைக் காட்டி, 'இதுதான் லெஃப்ட், லவ்' என்றார். இந்தப் பக்கம் முன்பின் தெரியாதவரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு இங்கிலீஷில் இடது வலது தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார் பாவம். என் காது சூடாகிவிட்டது. எட்டு வருஷம் சோறு போட்டதே எனக்கு இடது வலதுதான்!

ஆம்பூரில் எக்ஸ்போர்ட் ஷூ ஃபாக்டரியில் நான் முதல் நாள் உட்கார்ந்தது ஸ்டிக்கர் டேபிளில். லைனில் ஷூக்கள் மூக்கு என்னைப் பார்த்தபடி ஜோடி ஜோடியாக வந்தன. என் இடது கைப்பக்கம் வந்ததற்கெல்லாம் இடது என்றும், வலது கைப்பக்கம் வந்ததற்கெல்லாம் வலது என்றும் ஒட்டித் தள்ளினேன். எதிரில் நிற்கிறவரின் இடது கை நம் வலது பக்கம் அல்லவா இருக்கும்? அந்தச் சின்ன விஷயம் புதுசுக்கு உறைக்கவில்லை. ஒரு ரேக் முழுக்க ஒட்டிய பிறகுதான் பக்கத்து டேபிள் பர்வீன் பார்த்தாள். 'அடிப்பாவி, வெள்ளக்காரன் கால மாத்தி வச்சிகினு நடப்பான்னு நெனச்சியா?' என்று அவள் கேட்டதில் லைனே சிரித்தது. சாப்பாட்டு நேரம் முழுக்க நகத்தால் ஸ்டிக்கர் உரித்தேன். அவளும் திட்டிக்கொண்டே கூட உட்கார்ந்து உரித்தாள். போகப்போக, விரலை உள்ளே விட்டுத் தையலைச் சரிபார்க்கிற வேலையும் என்னிடம் வந்தது. அதற்கப்புறம் எட்டு வருஷத்தில் என் டேபிளிலிருந்து ஒரு ஜோடி தப்பாகப் போனதில்லை. இதைத் தம்பட்டம் என்று நினைத்தாலும் சரி, உண்மை உண்மைதான்.

கேரியிடம் வாயால் சொல்லி ஆகாது என்று தெரிந்துவிட்டது. அந்தக் குளிரில் என் இரண்டு ஷூவையும் கழற்றி, மூக்கு எட்ட இருக்கும்படி தரையில் வைத்தேன். 'இது காருக்குள்ள பேட்டரி. இடது ஷூதான் ப்ளஸ். எந்தப் பக்கம் இருக்கு?' என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். 'இடது.' ஜோடியை அப்படியே திருப்பி மூக்கை என் பக்கம் வைத்தேன். 'இது உங்க படம். இப்ப?' இடது ஷூ வலது பக்கம் உட்கார்ந்திருந்தது. கேரி ஷூவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே போய் மற்ற பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். 'எங்கே கற்றாய்?' என்றார். 'ஆம்பூர்' என்றேன். 'அது எந்த கராஜ்?' என்றார். 'ஷூ ஃபாக்டரி' என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்து இன்னும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொடுக்க ஆள் இல்லை என்றார். 'ஸ்பேனர் கொடுங்கள், போதும்' என்றேன். எஞ்சினை அணைத்து, போனில் தேவா 'மைனஸ் மொதல்ல, மைனஸ் மொதல்ல' என்று கத்த, கழற்றி மாட்டினேன். இரண்டு ஒயரும் அளவெடுத்தாற்போல் வந்து உட்கார்ந்தன. சாவியைத் திருப்பினேன். ஒரே உருட்டலில் எடுத்தது. ஏழு கடல் தாண்டி வந்து ஐந்து மாதத்தில் அன்றைக்குத்தான் நான் நிமிர்ந்து நின்றேன். காட்பாடி ஸ்டேஷனில் தேவா யாரிடமோ, 'எம் பொண்டாட்டி லண்டன்ல பேட்டரி மாத்திட்டாப்பா' என்று சொல்வது போனில் கேட்டது. லண்டன் இங்கிருந்து நாலு மணி நேரம். திருத்த மனசு வரவில்லை.

திங்கட்கிழமை ஆறேகாலுக்கே ஆர்தர் வீட்டில் இருந்தேன். நாலு மணி நேரம் ஊசியோடு படுத்திருக்கப் போகிறவர்தான், ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தோல் ஷூ இல்லாமல் போக மாட்டார். மண்டியிட்டு ஷூவைக் கையில் எடுத்ததும் கட்டைவிரல் தானாக உள்ளே போய்த் தையலைத் தடவியது. 'உள்ளே கல் ஏதாவது இருக்கிறதா?' என்றார். 'இல்லை, தையல் நன்றாக இருக்கிறது' என்றேன். அவருக்குப் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். ஊரில் எத்தனையோ ஆயிரம் ஜோடி என் கையைத் தாண்டிப் போயிற்று, ஒன்றாவது ஒரு காலில் ஏறி நான் பார்த்ததில்லை. இங்கே தினமும் கால்களைப் பார்க்கிறேன், அவற்றின் ஷூவை யார் தைத்தார்கள் என்று கேட்க ஒருவரும் இல்லை. வீங்கிய அவர் குதிகாலை ஒரு கையிலும் ஷூவை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, இரண்டும் மெல்லப் பொருந்தும்வரை அப்படியே இருந்தேன். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. 'ரெடி' என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.