குழாயக்காவின் கடைவாய்ப் பல்

அந்தத் தெருவில் இருப்பவர்களில் பாதிப் பேரின் வாய் குழாயக்காவின் மூக்குக்குக் கீழே திறந்து மூடியிருக்கிறது. பல் டாக்டரிடம் உதவிக்குச் சேர்ந்தபோது அவளுக்கு ஒழுங்கான பெயர் ஒன்று இருந்தது. நோயாளி வாயில் ஊறும் எச்சிலை உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதே வேலை என்று ஆனபின், "அந்தக் குழாய் புடிக்கிற அக்காவக் கூப்பிடுங்க" என்று யாரோ ஆரம்பித்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது. கட்டின புருஷனே கோபம் வந்தால் "ஏய் குழாய்" என்றுதான் அழைப்பான்.

டயர் கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. கைப்பிடி கிழிந்து பிளாஸ்திரி ஒட்டிய சாய்வு நாற்காலி, தலைக்கு மேல் விளக்கு, பக்கத்தில் துப்புவதற்கு ஒரு பீங்கான் கிண்ணம். கீழேயிருந்து ரப்பர் நாற்றம் ஏறி வரும், நாற்காலியிலிருந்து வாய் நாற்றம் இறங்கி வரும், இரண்டும் குழாயக்கா நிற்கும் இடத்தில்தான் சந்தித்துக் குசலம் விசாரித்துக்கொள்ளும். ஒரு முறை ஒரு லாரி டிரைவர் வந்து வாயைத் திறந்தார். ஜன்னல் ஓரம் தொட்டியில் பச்சென்று நின்ற செடி மறுநாள் காலை தலை தொங்கிக் கிடந்தது. தண்ணீர் ஊற்றவில்லை என்று டாக்டர் திட்டினார். செடிக்கு என்ன ஆனது என்று குழாயக்காவுக்கும் செடிக்கும் மட்டுமே தெரியும்.

இதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. சொத்தைக்குள் ஒளிந்திருந்த நேற்றைய சாப்பாடு, கழற்றிக் கையில் கொடுக்கப்படும் வெதுவெதுப்பான பல்செட்டு, எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வாள். அவளுக்குப் பழகாதது ஒன்றே ஒன்றுதான். டாக்டரின் இத்தாலிய வினைச்சொற்கள்.

எங்கேயோ நடைபாதைக் கடையில் இத்தாலிய இலக்கணப் புத்தகம் ஒன்றைப் பிடித்து வந்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் கட்டம் கட்டமாக வினைச்சொற்கள். ஒரே சொல்லுக்கு நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆறு முடிவு. அதோடு விட்டால் பரவாயில்லை. இப்போது நடப்பதற்கு ஆறு, முந்தாநாள் நடந்ததற்கு ஆறு, என்றோ நடந்து செத்துப் புதைத்ததற்குத் தனியாக ஆறு. நிச்சயமாகச் சொன்னால் ஒரு மாதிரி, சந்தேகமாகச் சொன்னால் வேறு மாதிரி, 'முடிந்தால் செய்திருப்பேன்' என்று இழுத்தால் இன்னொரு மாதிரி. ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே டாக்டர் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்திருந்தார். குழாயக்காவின் வலது கையில் குழாய், இடது கையில் புத்தகம். டாக்டர் நோயாளி வாயைக் குடைந்துகொண்டே ஒப்பிப்பார். தடுக்கி விழுந்தால் அவள் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"மோர்தெரே. அப்படின்னா கடிக்கிறது," என்று மாஸ்க்குக்குள்ளிருந்து ஆரம்பிப்பார். "மோர்தோ, மோர்தி, மோர்தே, மோர்தியாமோ... வாய நல்லாத் தெறங்க... மோர்தேத்தே, மோர்தொனோ. இது இப்பக் கடிக்கிறது. எப்பவோ கடிச்சதுக்கு மோர்ஸி, மோர்தெஸ்தி, மோர்ஸே... அப்புறம்?"

"மோர்தெம்மோ," என்பாள் குழாயக்கா, பிணத்துக்கு அடையாளம் சொல்வது போல.

"மோர்தெம்மோ! ஆகா. எவ்ளோ வளமான பாஷை, இல்லீங்களா?"

நாற்காலியில் கிடக்கும் மளிகைக் கடைக்காரர் "ஆ... ஆ..." என்பார். வேறு என்ன சொல்ல முடியும்?

"பாரு, ஆமாங்கறாரு," என்பார் டாக்டர்.

படி இறங்கும்போது மளிகைக் கடைக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவளிடம் ரகசியமாகக் கேட்டார். "ஏம்மா, பழைய பாக்கி எதுனா இருக்கா? அவரு என்னத் திட்டுன மாதிரியே இருந்துச்சே?"

"திட்டல அண்ணே. பாடம் படிக்கறாரு."

"என் வாயிலயா?"

வாயைக் கழுவினால் போய்விடும் நாற்றம் வேறு, காதுக்குள் போய்ப் படிகிற நாற்றம் வேறு. வீட்டில் பாத்திரம் தேய்த்தால் மோர்தோ, துணி பிழிந்தால் மோர்தி. எல்லாவற்றையும்விட அவளுக்கு எரிச்சலூட்டியது, டாக்டர் எதையும் ஒழுங்காக முடிக்காததுதான். ஒரு காலத்தின் ஆறு முடிவும் தடுக்காமல் வரத் தொடங்கியதும், அதைச் சட்டென்று கைவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுவார். நன்றாக வந்த பாட்டைப் பாடாமல், வராததையே பிடித்துத் தொண்டை கிழியக் கத்துகிற ஆளைப் பார்த்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

இந்த லட்சணத்தில் அவளுக்கே பல்வலி வந்தது.

வலது பக்கம் கீழே, கடைசிப் பல். முதலில் குளிர்ந்த தண்ணீருக்குச் சுள்ளென்றது. பிறகு வெந்நீருக்கு. பிறகு ஒன்றுமே இல்லாமல் சும்மா இருந்ததற்கே. கன்னம் லேசாக உப்பியது. நாக்கால் தொட்டால் ஒரு கெட்ட ருசி, செத்த எலியை நக்கியது போல. கார் சீட் தைக்கிற அவள் புருஷன் சாப்பிட உட்கார்ந்தபோது கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"ஊர் பல்லெல்லாம் பாக்கறவ, ஒன் பல்லக் கவனிக்க மாட்டியா? டாக்டர்கிட்டக் காட்டுடி."

"காட்டி? வாயத் தெறந்து போட்டுட்டு, அந்த மனுஷன் எனக்குள்ள மூஞ்சிய விட்டுக்கிட்டு ஃபுயி ஃபோஸ்தி ஃபுன்னு ஊதறதக் கேக்கணுமா? குமட்டிக்கிட்டு வருது. என்னால ஆகாது."

"அப்ப அழுகட்டும்ங்கற."

"அழுகட்டும்."

"கூடப் படுக்கறவன் நானு. எனக்கும் ஒரு மூக்கு இருக்குதுடி, அம்மா தாயே."

வீக்கம் தாடைக்கு இறங்கியது. எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவு போட்ட புது டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். ஒரு மதியம், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, திருடப் போகிறவளைப் போல் குழாயக்கா தெருவைக் கடந்தாள். கதவைத் தள்ளி உள்ளே ஒரு கால் வைக்கும்போதே அங்கே சீட்டு எழுதுகிற பெண் எழுந்து நின்று கூவினாள்.

"அட, குழாயக்கா! என்னக்கா, உங்க டாக்டர்கிட்ட வித்தை எல்லாம் தீந்துபோச்சா?"

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவர்களில் மளிகைக் கடைக்காரரும் இருந்தார், கன்னத்தில் கையோடு.

"பஞ்சு தீந்துபோச்சு," என்றாள் குழாயக்கா, வீங்கிய வாயால். "ஒரு உருண்டை கடனாக் குடு. நாளைக்குத் தரேன்."

பஞ்சோடு திரும்பி வந்தாள். டாக்டரின் சோற்றைத் தின்றுகொண்டு அவரை ஊர் சிரிக்க விட முடியாது. ஆனால் இந்த எழவெடுத்த பல் அன்றைக்கு அந்த மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. சாயங்காலம் ஒரு டைலர் வாயில் குழாயைப் பிடித்து நிற்கும்போதே, காதிலிருந்து கழுத்துவரை யாரோ கம்பியைக் காய்ச்சி இழுத்தது போல ஒரு இழுப்பு. குழாய் கையை விட்டு நழுவி, டைலர் சட்டைப் பாக்கெட்டுக்குள் புகுந்து, உள்ளே இருந்த பீடிக்கட்டை உறிஞ்சத் தொடங்கிவிட்டது.

டைலரைச் சமாதானப்படுத்தி அனுப்பியபின் டாக்டர் நாற்காலியைக் காட்டினார். "ஏறு. வாயத் தெற."

திறந்தாள். தூரத்திலிருந்தே பார்த்தார். "இது புடுங்கற கேசு. எத்தன நாளா வெச்சிருக்க?"

"புடுங்கிருங்க டாக்டர்."

முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டே மரத்துப்போகிற ஊசியைப் போட்டார். பிறகு கையைக் கழுவினார். துடைத்தார். மறுபடி கழுவினார். குறடை எடுத்தார், கீழே வைத்தார். "புத்தகம்?" என்றார். "யாரு புடிப்பா?"

"புத்தகம் வேணாம். உங்க கால்ல வேணா விழறேன். இன்னைக்கு ஒரு நாளு அந்த இத்தாலிக்காரங்க சும்மாக் கெடக்கட்டும்."

டாக்டர் குனிந்தார். அவர் கண்கள் இரண்டும் அவள் வாய்க்கு நேர் மேலே வந்தன. அந்தக் கண்களில் தண்ணீர் கோத்தது. மாஸ்க் ஒரு முறை உள்ளே போய் வெளியே வந்தது. தொண்டை ஏறி இறங்கியது. 'உவ்' என்று ஒரு சத்தம். குறடைப் போட்டுவிட்டுத் துப்புகிற கிண்ணத்துக்கு ஓடினார்.

குழாயக்காவுக்கு அவமானத்தில் உடம்பே கொதித்தது. ஊர் வாயையெல்லாம் மோந்துகொண்டு முகம் சுளிக்காமல் நின்றவளைப் பார்த்தா வாந்தி?

"என் வாயி அவ்ளோ நாறுதா டாக்டர்?" என்றாள், மரத்த உதடு பாதிச் சொல்லை விழுங்கிக்கொண்டது.

"உன் வாயி இல்ல," என்றார் டாக்டர், கிண்ணத்திலிருந்து நிமிராமல். "எல்லா வாயும்."

"எல்லா வாயுமா?"

"முதல் நாள்லேர்ந்து. காலேஜ்லயே. ஆரம்பத்துல பாட்டு முணுமுணுத்துப் பாத்தேன். பாட்டு மனப்பாடமாயிருச்சு. மனப்பாடமானா வாய் அது பாட்டுக்குப் பாடுது, மூக்கு வேலைக்குத் திரும்பிருது. தெரியாத ஒண்ணா இருக்கணும். முட்டி மோதி யோசிச்சாத்தான் மூக்கு அடையுது." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் புத்தகம் நல்ல புத்தகம். தீரவே தீராது."

பாவம் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. சீ, என்றுதான் தோன்றியது. இத்தனை வருஷம் இந்த ஆளுக்கு மூக்கடைப்பானாகவா நின்றோம்! செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போகலாம். போனால் பல்லும் கூடவே வரும். ஊசி மருந்தின் வேகம் வேறு குறையத் தொடங்கியிருந்தது. மரத்திருந்த தாடைக்கு அடியில், கூட்டத்தில் ஆள் தேடுவது போல வலி எட்டி எட்டிப் பார்த்தது.

கையை நீட்டிப் புத்தகத்தை எடுத்தாள். பென்சில் எழுத்து உள்ள பக்கங்களையெல்லாம் தள்ளிக்கொண்டே போய், சுத்தமாக இருந்த ஒரு பக்கத்தைப் பிரித்தாள்.

"இது படிச்சிருக்கீங்களா?"

எட்டிப் பார்த்தார். "இல்ல. பயங்கரமா இருக்கே."

"வாங்க."

மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் புத்தகத்தைத் தன் நெற்றிக்கு மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். டாக்டர் குறடோடு குனிந்தார். கண் புத்தகத்துக்குப் போயிற்று, வாய்க்கு வந்தது, திரும்பப் போயிற்று.

"ஸரேய்... ஸரேய் உஷீத்தோ. வெளிய போயிருப்பேன்." குறடு பல்லைப் பற்றியது. "ஸரெஸ்தி உஷீத்தோ. வெளிய போயிருப்ப. ஸரெப்பே..." கை உறுதியாக இருந்தது. இப்படியும் அப்படியும் அசைத்தார். எலும்புக்குள் முறுக்கென்று ஒரு சத்தம் அவள் தலை முழுவதும் கேட்டது. "ஸரெம்மோ... ஸரெம்மோ உஷீத்தி! அடேயப்பா, கடைசி எழுத்து மாறுது பாரு!"

அவர் எச்சில் மாஸ்க் வழியாகக் கசிந்து வருவதாகவே அவளுக்குப் பட்டது. அருவருப்பில் கால் விரல்கள் சுருண்டன. கை மட்டும் புத்தகத்தை அசைக்கவில்லை. நாங்களும் போயிருப்போம், நீங்களும் போயிருப்பீர்கள், அவர்களும் போயிருப்பார்கள் என்று எல்லோரும் போய் முடிந்தபோது பல்லும் வந்துவிட்டது.

தட்டில் 'டங்' என்று விழுந்ததை இருவரும் பார்க்கவில்லை. அவள் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏன் டாக்டர், இவ்ளோ அருவருப்பா இருந்தா எதுக்கு இந்தத் தொழிலுக்கு வந்தீங்க?"

டாக்டர் நாற்காலியைப் பார்த்தார். "நான் பரீட்ச எழுதறதுக்கு முன்னாடியே எங்கப்பா இத வாங்கிட்டாரு. வித்தவன் திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டான்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு செருப்பை மாட்டினாள். "நான் வீட்டுக்குப் போறேன். ரத்தம் நிக்கணும்."

"போ, போ. ரெஸ்ட் எடு."

"உறிஞ்சற மோட்டாருக்கு அடியில பாட்டிலு ஒண்ணு இருக்கு. அன்னன்னைக்குக் கழுவிரணும். இன்னைக்குக் கழுவல."

இதுவரை அந்தப் பாட்டிலை அவர் கண்ணால் பார்த்ததில்லை. நாள் முழுக்க உறிஞ்சியதெல்லாம் போய்ச் சேரும் இடம் அது. நூல் நூலாக, கட்டி கட்டியாக, மேலே இளஞ்சிவப்பு நுரையோடு, ஆட்டினால் ஒரு பக்கமாகச் சரிந்து மெல்லத் திரும்பும். போதாக்குறைக்கு அன்றைக்கு டைலரின் பீடிகளும் உள்ளே ஊறிக்கொண்டிருந்தன.

"நாளைக்கு வந்து..." என்றார் டாக்டர்.

"நாளைக்கா? நாளைக்கு நான் லீவு டாக்டர். வெயில்ல ஒரு நாள் இருந்தா அது எந்திரிச்சு உக்காந்து பேசும்."

புத்தகத்தை அவர் கையில் வைத்துவிட்டுப் படி இறங்கினாள். டயர் கடையைத் தாண்டும்போது மேலே தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு டாக்டரின் குரல், ஜன்னலைப் பிளந்துகொண்டு, "ஸரேய் உஷீத்தோ! ஸரெஸ்தி உஷீத்தோ!" டயர்க் கடைப் பையன்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மூன்றாவது முடிவில் குரல் நின்றது. பாட்டிலின் மூடி திறந்திருக்க வேண்டும்.

வாயில் பஞ்சு, பாதி முகம் மரத்துப்போய் உத்திரம் மாதிரி கிடந்தது. மீதிப் பாதி சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தது.