கொளஞ்சியப்பர் கோர்ட்டில் பிரபஞ்சம்

பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் கிடையாது என்று என் கணவர் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சாமியிடம் பிராது கட்டினார். எதிராளி என் அண்ணன்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடு திருடு போனாலும், வரப்பை வெட்டிவிட்டாலும், மருமகள் கோபித்துக்கொண்டு போனாலும் எங்கள் பக்கத்தில் கொளஞ்சியப்பரிடம் மனு எழுதிப் போடுவார்கள். பூசை செய்து, கோயிலில் காவலுக்கு இருக்கிற முனியப்பர் முன்னால் இருக்கிற வேலில் கட்டிவிட்டு வருவார்கள். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு என்று நம்பிக்கை. விசாரணைக்குச் சாமி நேரில் வர வேண்டுமே, அதற்காக வீடு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுப் படிக்காசும் வாங்குவார்கள்.

இவரிடமும் கேட்டிருக்கிறார்கள். தகராறே அதில்தான் இருக்கிறது, பிரபஞ்சம் வெடித்து விரிகிறது என்று என் மச்சான் சொல்வது சரியென்றால் தூரம் தினமும் கூடிக்கொண்டே போகும் என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். மனு எழுதுகிறவர் அசரவில்லை. நாங்கள் இருக்கிற பீங்கான் பேட்டையிலிருந்து கோயிலுக்கு என்ன தூரமோ அதை எழுதிக்கொண்டாராம். இவர் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

எல்லாம் இரண்டாயிரத்து எட்டில் வந்த வினை. ஐரோப்பாவில் பூமிக்கடியில் ஏதோ இயந்திரத்தை ஓட்டப் போகிறார்கள், உலகமே அதற்குள் போய்விடும் என்று டி.வி.யில் பயமுறுத்தினார்கள். சொன்ன நாள் வந்தது, போனது, உலகம் இருந்தது. ஆனால் அண்ணன் லைப்ரரியில் பிரபஞ்சம் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துவந்துவிட்டார். அதைப் படித்து முடித்த இவர், அதே லைப்ரரியில் அதைவிடப் பழைய புத்தகம் ஒன்றை எடுத்துவந்தார்.

இரண்டு பேரும் கூட்டாக ஒரு ஷெட் வைத்திருந்தார்கள். பீங்கானில் மின்சார ஃபியூஸ் கட்டைகள் செய்வோம். சுடுவதற்கு முன்னால் பளபளப்புக்காகக் கிளேஸ் பூசுவது என் வேலை. ஷெட்டுக்குப் பின்னால் இருந்த சிறிய சூளை அண்ணனின் பொறுப்பு. வாரத்துக்கு ஒரு தடவை பற்றவைப்பார், வெந்ததும் ஆறவிடுவார். அதனால் ஒரு நாள் வெடித்துக் கிளம்பி, விரிந்து, கடைசியில் ஆறிப்போகிற பிரபஞ்சம் அவருக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. இவர் வேலை, சரக்கைப் பொது டன்னல் சூளைக்குக் கொண்டுபோவது. அங்கே நடுவில் நெருப்பு அணையவே அணையாது. ஒரு பக்கம் வண்டி நுழையும், மறுபக்கம் வெந்து வெளியே வரும். இவர் புத்தகத்திலோ பிரபஞ்சம் என்றைக்கும் இருந்தது, பழையது விலக விலகப் புதியது முளைக்கும், மொத்தத்தில் எதுவும் மாறாது என்று போட்டிருந்தது. பிறகு கேட்கவா வேண்டும்.

எனக்கும் ஒரு கருத்து இருந்தது. சுட்டால் எதுவும் விரியாது, சுருங்கும். அதற்காகத்தானே அச்சையே பெரிதாகச் செய்கிறோம். பிரபஞ்சமும் கடைசியில் சுருங்கித்தான் தீரும் என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துவிட்டு, திரும்பவும் சண்டையைத் தொடர்ந்தார்கள். அந்த எரிச்சல் இன்னும் எனக்குத் தீரவில்லை.

ஒரு நாள் டீக்கடையில் நாலு பேர் முன்னால் அண்ணன் இவரை முட்டாள் என்று சொல்லிவிட்டார். மறுநாளே பிராது. பிராது கட்டின வீட்டில் எதிராளி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் கட்டுப்பாடு. அண்ணன் வீட்டுக்கு வருவது நின்றது. ஷெட்டில் ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம்.

இவர்கள் எப்படியோ போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் என் மகளுக்குக் காது குத்த வேண்டும். மூன்று வயதில் தள்ளிப்போனது. ஐந்தில் குத்தியே ஆக வேண்டும். கொளஞ்சியப்பர் கோயிலிலேயே நாள் குறித்து, பத்தரிடம் சொல்லி, தாய்மாமன் மடியில் வைத்து என்று பத்திரிகையும் அடித்தாயிற்று. அண்ணனிடம் போய் நின்றேன்.

“எனக்கு மட்டும் ஆசை இல்லியா?” என்றார். “கேஸு நடக்கறப்ப புள்ளைய மடியில வச்சிக்கிட்டா, நான் தப்ப ஒத்துக்கிட்டேன்னு சாமி நெனச்சிக்காதா?”

ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கோடி வருஷக் கணக்கைத் தலைகீழாக ஒப்பிக்கிறவர் முனியப்பருக்கு நடுங்கினார். இவரோ வாபஸ் வாங்கினால் பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்று ஆகிவிடுமாம். என் மகள் மூளிக் காதோடு பள்ளிக்கூடம் போனாலும் இவர்களுக்குக் கவலையில்லை. அன்றைக்கு நான் சமைக்கவில்லை.

நானே வாபஸ் வாங்கிவிடலாம் என்று பஸ் ஏறிக் கோயிலுக்குப் போனேன். விவரம் சொன்னதும் மனு எழுதுகிறவருக்கு நினைவு வந்துவிட்டது.

“அந்த அண்டசராசர கேஸா? கட்டினவரே வரணும்மா” என்றார். கூடவே, “எத்தினியோ எல்லைத் தகராறு பாத்துட்டேன். எல்லையே இல்லாத எடத்துக்குத் தகராறு இப்பதான் பாக்கறேன்” என்றார்.

திரும்பி வர மனம் இல்லை. ஒரு காகிதம் கேட்டேன். என் வீட்டுக்காரர், என் அண்ணன் இருவர் மேலும் பிராது; இருவரும் பேசிக்கொள்ள வேண்டும்; பிரபஞ்சம் பற்றிய முந்தைய மனுவைச் சாமி மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதும் இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு கேஸில் வாதி, இன்னொன்றில் பிரதிவாதி. விடிந்ததும் ஷெட்டுக்கு ஓடினார். நான் கிளேஸ் வாளியோடு பின்னால் போய்ப் பார்க்கிறேன்: இரண்டு பேரும் ஒரே பலகையில் உட்கார்ந்து, என் மனுவுக்குச் சாமியிடம் என்ன பதில் சொல்வது என்று தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு எதிராகவே கூட்டணி. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வாளியை வைத்துவிட்டு வெளியே போய் இரண்டையும் முடித்துவிட்டு வந்தேன்.

பேச்சுதான் வந்ததே தவிர முதல் மனு அப்படியே இருந்தது. காதுகுத்து நாளும் வந்துவிட்டது. என் குறை தீர்ந்ததால், கோயிலில் மனு எழுதுகிறவரிடம் என் பிராதை நான் வாபஸ் வாங்கினேன். அடுத்து இவர் நின்றார். அண்ணன் நாலடி தள்ளி, வரலாமா கூடாதா என்று தெரியாமல் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பத்தர் அவசரப்படுத்தினார். கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் யாருக்கும் பிரபஞ்சத்தில் அக்கறை இல்லை, பந்தியில்தான் இருந்தது.

தீர்ந்துதா என்று மனு எழுதுகிறவர் கேட்டார். இவர் பேனாவை வாங்கிக்கொண்டு, வாபஸில் கையெழுத்துப் போடாமல் நின்றார். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

“மச்சான், ஒங்க புக்கையும் ரெண்டு தடவ படிச்சிட்டேன். நீங்க சொல்றதுதான் சரின்னு எனக்கே தெரியுது. ஆனா கடைசி பக்கத்துல, எல்லாம் ஒன்ன உட்டு ஒன்னு தூரமாப் போயி, கடைசியில யாருக்கும் யாரும் தெரியமாட்டாங்கன்னு போட்டிருக்குது. அதுக்கு எப்பிடி நான் கையெழுத்துப் போடறது?”

அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் நீட்டினார்.

“அதுக்கு இன்னும் எவ்வளவோ நாளு இருக்குது மாப்ள. புள்ளையக் குடுங்க.”