பெரியப்பா சீனாக்காரரைக் கும்பிட்ட தேர்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் பெரியப்பா முருகனோடு கோபித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய்வந்த மனிதர், ஆறேழு மாதமாக அந்தப் பக்கமே போகவில்லை. கேட்டால், "முகத்தைக் காட்டாத ஆளிட்டை நான் ஏன் போவான்?" என்பார்.

பிழை முருகனில் இல்லை, பெரியப்பாவின் கண்ணில். எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு புகை நின்றது. என் ஐயாவைப் பார்த்தால் இரண்டு காதும் தோளும் தெரியும். மூக்கும் வாயும் இராது. பட்டணத்துக் கண் டாக்குத்தர், இது வயதால் வருவது, கண்ணாடியும் உதவாது, கத்தி வைத்தும் பயனில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று தொடக்கம் பெரியப்பா ஊராரைக் காதை வைத்தே அடையாளம் பிடித்தார்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. தேரன்று முருகன் வெளியே வரும்போது அந்த முகத்தை இன்னும் ஒருதரம் காணவேண்டும். அதைப் பெரியம்மாவுக்கு மட்டும் சொன்னார். பெரியம்மா எல்லாருக்கும் சொன்னார்.

அந்தக் காலத்தில், இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தி, முதுகில் பட்டுத்துணி மூட்டையோடு சீனாக்காரர்கள் எங்கள் ஊர்களுக்கு வருவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவருக்குத் தமிழில் இருபது சொல் தெரிந்திருக்கும். பெரியப்பா துணியை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்ப்பதைக் கண்டதும் அவர் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு மூங்கில் குழாயை எடுத்தார். உள்ளே மயிர்போல் மெல்லிய ஊசிகள்.

"என்ன, மனிசனைத் தைக்கப்போறியோ?" என்று பெரியம்மா அலறினார்.

"தைக்கட்டும் விடு. கிழிஞ்சதைத்தானே தைக்கிறது" என்றார் பெரியப்பா.

செவ்வாய்க்கிழமைதோறும் மாமர நிழலில் வைத்தியம் நடந்தது. நெற்றிப் பொட்டில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று, பெருவிரல் இடுக்கில், பாதத்தில் என்று ஊசிகள் நிற்கும். பெரியப்பா முள்ளம்பன்றி மாதிரி ஆடாமல் அசையாமல் இருப்பார். வைத்தியத்துக்கு அந்த மனிதர் கேட்டது ஒரு சிரட்டை சுடுதண்ணி. பனங்கட்டி கொடுத்தாலும் வேண்டாம் என்று தலையாட்டுவார்.

பத்தியம் சொல்லும்போதுதான் சண்டை வந்தது. முழக்கோலால் முற்றத்து மணலில் ஒரு மீனைக் கீறி, அதன் வயிற்றில் ஈரல் இருக்கும் இடத்தைத் தட்டிக் காட்டி, "சாப்பிடு. கண் நல்லம்" என்றார்.

"சிவசிவா! சைவக்காரற்றை முத்தத்திலை மீனோ! அழி, அழி!" பெரியம்மா சாணித்தண்ணீரோடு ஓடிவந்து, கீறிய மீனைக் கழுவித் துடக்கு நீக்கினார்.

சீனாக்காரர் கோபிக்கவில்லை. பக்கத்தில் ஒரு இலையைக் கீறினார். அதற்குப் பக்கத்தில் ஒரு சுருட்டைக் கீறி, குறுக்கே கோடு போட்டார்.

"மீனையெண்டாலும் யோசிக்கலாம். சுருட்டிலை கை வையாதை!" என்றார் புகையிலைத் தோட்டக்காரரான பெரியப்பா. பெரியம்மா அவரைப் பார்த்த பார்வை அவருக்குத் தெரியாமல் போனது நல்லதுதான்.

பிறகு முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, திரும்பவும் முருங்கையிலை. வேலியெல்லாம் மொட்டையாகி, எங்கள் ஆட்டுக்குக் குழை இல்லாமல் போனது.

"ஆடும் நானும் இப்ப ஒரே பந்தி. என்ரை பங்கைப் பார்த்து அது முறைக்குது" என்றார் ஒருநாள்.

பெரியம்மா அகப்பையோடு ஓடிவந்தார். "முறைக்கிறது தெரியுதோ?"

"காதிலை தெரியுது."

தேருக்குப் பத்துநாள் இருக்க ஒரு புதுமை நடந்தது. ஊசிகள் குத்தியபடி இருக்க, சீனாக்காரர் பெரியப்பாவின் முகவாயை, நாடியை, இரண்டு விரலால் பிடித்துக் கிணற்றுப் பக்கம் திருப்பிவிட்டு, மற்றப் பக்கத்தில் ஒரு பட்டுத்துண்டைத் தூக்கிப் பிடித்தார். "பார்" என்றார். பெரியப்பா துணிப்பக்கம் திரும்பினார். திரும்பின நாடியில் ஒரு தட்டு. திரும்பவும் கிணற்றுப் பக்கம். எவ்வளவோ நேரம் கழித்து, கிணற்றைப் பார்த்தபடியே பெரியப்பா சொன்னார்: "சிவப்பு... கரையிலை மஞ்சள்."

சீனாக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். துணி விற்க இதுவும் ஒரு வழி என்று நான் நினைத்தேன். பெரியம்மாவும் அப்படித்தான் நினைத்தாரோ, அந்தத் துண்டை வாங்கி எனக்குத் தேருக்குச் சட்டை தைப்பித்தார். அதன்பின் பெரியப்பா நாடியைத் தோளில் வைத்தபடியே திரிந்தார். கழுத்துச் சுளுக்கு என்று பெரியம்மா மூன்றுநாள் நல்லெண்ணெய் தேய்த்தார்.

தேரன்று, "வாறன்" என்று அவராகவே எழும்பினார். நான்தான் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். தேர் தெற்கு வீதிக்குத் திரும்பியது. அரோகரா என்ற சத்தத்தில் நிலம் அதிர்ந்தது. எல்லாரும் தேரைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்கள். பெரியப்பா மட்டும் இடப்பக்கம் திரும்பி, தலைக்குமேல் கையைக் குவித்து நின்றார். அந்தப் பக்கத்தில் இருந்தது தண்ணீர்ப்பந்தல். அதில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார் எங்கள் சீனாக்காரர்.

எனக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று. "பெரியப்பா, சாமி இஞ்சாலை! நீங்கள் சீனாக்காரரைக் கும்பிடுறியள்!" என்று கத்திவிட்டேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "பாவம், ஊசி குத்தி மனிசனுக்குத் திசையும் போச்சு" என்றார் ஒருவர். "இல்லை, வைத்தியருக்குத் தட்சணை குடுக்கிறார்" என்றார் இன்னொருவர். சீனாக்காரர் மோரை வைத்துவிட்டு எழும்பி, பெரியப்பாவுக்குக் குனிந்து பதில் வணக்கம் செலுத்தினார். சிரிப்பு இன்னும் பெருகியது.

நான் பெரியப்பாவின் நாடியைப் பிடித்துத் தேர்ப்பக்கம் திருப்பினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"விடு மோனை. திருப்பினால் மறைஞ்சுபோம்."

அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, வாய் சிரித்தது. பந்தலைப் பார்த்தபடியே பிறகு பெரிய குரலில் சொன்னார்: "ஐயருக்குச் சொல்லுங்கோ, மாலை சரிஞ்சு முகத்தை மறைக்குது. இடக்கன்னம் தெரியேல்லை!"

எல்லாரும் தேரை அண்ணாந்து பார்த்தார்கள். உண்மையாகவே மாலை சரிந்துதான் கிடந்தது. யாரோ கத்தினார்கள், தேரில் நின்ற ஐயர் மாலையை ஒதுக்கினார்.

"இப்ப சரி. முருகா, இப்ப முழுமுகம்" என்றார் பெரியப்பா. சிரித்த சனம் அரோகரா என்றது.

கண் சுகமாகிவிட்டது என்றே ஊர் நம்பியது. அந்த மாதம் முழுக்க ஒரு வேலியிலும் முருங்கையிலை இல்லை. பெரியப்பாவும் முருகனோடு சமாதானமாகி, வெள்ளிக்கிழமைகளில் பக்கவாட்டில் நின்று கும்பிட்டார். எனக்கு மட்டும் ஒரு குறை. தேருக்குப் பிறகு பெரியப்பா என்னோடு கதைக்கும்போதெல்லாம் முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொள்வார். சபையில் மானத்தை வாங்கியதற்குக் கோபம் என்று நினைத்து, பிள்ளையாருக்கு மூன்று தேங்காய் நேர்ந்தேன். உடைத்தும் பார்த்தேன். அவர் திருந்தவில்லை.

இப்போது அதே புகை என் கண்ணிலும் வந்து நிற்கிறது. ஊசிக்கு ஆள் இல்லை; முருங்கையிலை இருக்கிறது, சாப்பிடுகிறேன். புகை கலையவில்லை. போன தேரில் நானும் இடப்பக்கம் திரும்பி நின்றேன். புகைக்கு வெளியே, கடைக்கண்ணில், முருகன் முழுமுகமாக வந்தார். சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

பெரியப்பாவின் புகையும் கடைசிவரை கலையவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிய ஒவ்வொரு தடவையும் அவர் என்னைத்தான் ஆசைதீரப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.