மற்றவை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் அமாவாசை கிடையாது. நாய் ஊளையிடாது, கரண்ட் போகாது, கதவு தானாகத் திறக்காது. நடந்ததெல்லாம் பட்டப்பகலில், ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த நேரத்தில். நம்புகிறவர்கள் நம்புங்கள். நான் இட்டுக்கட்டவில்லை. அந்தத் திறமை இருந்தால் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன்.

என் வேலை, அடுத்தவர் பேசியதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது. கூட்டம், விசாரணை, நேர்காணல் என்று எதை எதையோ பதிவு செய்து அனுப்புவார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு வார்த்தை விடாமல் அடித்துக் கொடுப்பேன். பேசுகிறவர் யாரென்று தெரியாவிட்டால் 'குரல் 1', 'குரல் 2' என்று போட வேண்டும். யாரும் பேசாத இடத்தில் 'மௌனம்' என்று போட வேண்டும். மௌனத்தை அடிக்க ஒரு விநாடி போதும் என்பதால் இந்தத் தொழிலில் எங்களுக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை அதுதான்.

லேப்டாப் என் மனைவியுடையது. அவள் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. வாங்கும்போதே அது சின்னது, மொத்தமே அறுபத்து நாலு ஜிபி. அதிலும் பாதி இடத்தில் கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருளே பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருக்கும். மிச்சத்தில் என் வேலை, சில போட்டோக்கள், அப்புறம் அந்தப் பன்னிரண்டு கதைகள்.

கதைகள் எங்கள் மகளுக்காக அவள் பேசி வைத்துவிட்டுப் போனவை. தான் பிழைக்க மாட்டோம் என்று தெரிந்த பிறகு, படுக்கையில் சாய்ந்தபடி ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாள். என்னைக் கண்டால் அழுகை வந்துவிடும் என்று, அவள் தம்பியை மட்டும் கூட வைத்துக்கொண்டாள். அவன்தான் எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தான். நான் ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. கேட்க எனக்குத் தெம்பு கிடையாது.

மகளுக்கு ஆறு வயது. பள்ளிவிட்டு வந்து, சாப்பிட்டு, பெரிய ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு படுத்துவிடுவாள். கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் லேப்டாப். 'போன்ல போட்டுத் தரேன்' என்றால் கேட்க மாட்டாள். அது அம்மாவுடைய கம்ப்யூட்டர், அம்மா அதில்தான் இருக்கிறாள், அவ்வளவுதான். அதனால் காலையில் லேப்டாப் எனக்கு, மதியம் அவளுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டோம்.

ஒருநாள் பெரிய வேலை ஒன்று வந்தது. இறக்க இடமில்லை. எதை அழிப்பது என்று தேடியபோது அந்தக் கதைகள் கண்ணில் பட்டன. சுருக்காத பதிவுகள், இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. திறந்து, சத்தத்தை மேடுபள்ளமாக வரைந்து காட்டுகிற அலைக்கோட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு கதையும் முடிந்த பிறகு நீளமாக, தட்டையாக ஒரு கோடு. மௌனம். சொல்லிவிட்டு அசதியில் அப்படியே தூங்கிப்போயிருப்பாள், பதிவை யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெட்டினேன். பன்னிரண்டு வாலையும். கேட்டுப் பார்க்கவில்லை. கதைகளைத் தொடவில்லை, மௌனத்தைத்தானே வெட்டுகிறோம் என்ற நிம்மதி. மூன்று ஜிபி கிடைத்தது. அன்றைக்கு ரொம்பச் சாமர்த்தியசாலி மாதிரி உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

மறுநாள் அந்த மூன்று ஜிபியைக் காணவில்லை.

இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். குப்பைத் தொட்டியைக் காலி செய்தேன். தற்காலிக ஃபைல்களை அழித்தேன். பழைய அப்டேட்டின் மிச்சமீதிகளைத் துடைத்தேன். இரண்டு ஜிபி வந்தது, மறுநாள் அதுவும் போச்சு. எங்கள் கல்யாணப் போட்டோக்களை எல்லாம் பென்டிரைவுக்கு மாற்றினேன். அந்த இடமும் போச்சு.

எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தால், கலர் கலராகப் பட்டைகள் இருக்குமே, பார்த்திருப்பீர்கள். போட்டோ ஒரு கலர், மென்பொருள் ஒரு கலர். கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அதற்கு 'மற்றவை' என்று பெயர். அந்தப் பட்டைதான் ஊதிக்கொண்டே போனது.

மைத்துனனுக்குப் போன் போட்டேன். எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் என்றால் அவன்தான்.

"வைரஸா இருக்குமாடா?"

"வைஃபையை அணைச்சுட்டுப் பாருங்க மாமா. அப்பவும் குறையுதான்னு."

அணைத்துப் பார்த்தேன். அப்போதும் குறைந்தது. ஆனால் ஒன்று தெரிந்தது. காலை முழுக்க நான் உட்கார்ந்து வேலை செய்தாலும் இடம் அப்படியே இருந்தது. மதியம் மகள் கதை கேட்டு எழுந்த பிறகு பார்த்தால்தான் குறைந்திருந்தது.

தினமும்.

கதை கேட்டால் இடம் எப்படிக் குறையும்? கேட்பது வேறு, பதிவு செய்வது வேறு. அது எனக்கே தெரியும்.

அன்று மதியம் அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்தாள். ஹெட்போன் தலையில். திரையில் ஓடிக்கொண்டிருந்தது வீடு தேடிப் போன நத்தையின் கதை. போகிற இடத்தில் எல்லாம் 'இங்க இடமில்ல' என்று விரட்டுவார்களாம். அவளுக்கு ரொம்பப் பிடித்த கதை. இருபது நிமிடம்தான் இருக்கும். அவள் படுத்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

"கதை முடியலையா பாப்பா?"

"அது அப்பவே முடிஞ்சிடுச்சு."

"அப்ப என்ன கேக்கற?"

"அம்மா பேசாம இருக்காங்க. அதைக் கேக்கறேன்."

குழந்தை ஏங்கிப் போயிருக்கிறது, வேறென்ன? தலையைத் தடவிவிட்டு வந்து பாத்திரம் கழுவினேன். குக்கர் மூடி கை நழுவித் தரையில் விழுந்தது. வீடே அதிர்கிற மாதிரி சத்தம்... உருண்டு உருண்டு அடங்கியது.

மறுநாள் மைத்துனன் ஒரு மென்பொருளை அனுப்பினான். டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் கட்டம் கட்டமாக வரைந்து காட்டுமாம். பெரிய ஃபைலுக்குப் பெரிய கட்டம்.

ஓடவிட்டேன். மதியம் மூன்றே முக்கால். அன்று பள்ளியில் ஆட்டம் போட்டுவிட்டு வந்த களைப்பு, மகள் ஹெட்போனை மாட்டியவள் கதையும் கேட்காமலே தூங்கிவிட்டாள். லேப்டாப் என் மேஜைக்கு வந்திருந்தது.

திரை முழுக்க ஒரே ஒரு பெரிய கட்டம்.

நத்தைக் கதை.

நான் வெட்டி இருபது நிமிடமாக்கிய ஃபைல். இப்போது மணிக்கணக்கில் நீண்டிருந்தது.

அலைக்கோட்டைத் திறந்தேன். முதலில் கதை. அப்புறம் தட்டையான கோடு. நகர்த்தினேன்... தட்டை. இன்னும் நகர்த்தினேன்... தட்டை. கடைசிக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன முடிச்சுகள். பேச்சு. பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன், பேச்சின் முடிச்சு எனக்குத் தெரியாதா?

ஹெட்போன் மகள் தலையில் இருந்தது. பழைய இயர்போன் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டினேன். பயத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்க தோஷம், விரல்கள் பாட்டுக்கு அடிக்க ஆரம்பித்தன.

குரல் 1, பெண்: தூங்கிட்டியா?

குரல் 2, குழந்தை: இல்ல.

மௌனம்.

குரல் 1: அப்பா எங்க?

குரல் 2: பாத்திரம் கழுவறாங்க.

உடனே... டங்ங்ங். உருண்டு உருண்டு அடங்கியது.

என் குக்கர் மூடி. நேற்று விழுந்தது.

நிறுத்திவிடலாம் என்று கை போனது. நிறுத்த முடியவில்லை. ஏனென்றால் அது அவள் குரல். அந்த லேசான கரகரப்பு, வார்த்தைக்கு முன்னால் மூச்சை இழுக்கிற விதம், எல்லாம் அவளேதான். ஒரு வருடம் கழித்துக் கேட்கிறேன். அழுதுகொண்டே அடித்தேன்.

குரல் 1: நான் சும்மா இருந்ததை அப்பா ஏன் வெட்டினாங்க?

குரல் 2: இடம் இல்லையாம்.

மௌனம்.

நீண்ட மௌனம்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. என் மனைவி மகளைப் பெயர் சொல்லியோ பாப்பா என்றோ கூப்பிட்டதே இல்லை. பிறந்ததிலிருந்து 'வாலு' தான். ஒரு வாக்கியம் பேசினால் அதில் ஒரு 'வாலு' இருக்கும். இந்தக் குரல் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை...

குரல் 1: இங்க நிறைய இடம் இருக்கு.

குரல் 1: வரியா?

மூச்சை இழுக்கிற சத்தம். குழந்தையின் மூச்சு. பதில் சொல்ல வாயைத் திறக்கிற சத்தம்.

அதோடு ஃபைல் முடிந்துவிட்டது.

திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பட்டை. டிஸ்க்கில் இடமில்லை.

பதிலுக்கு இடமில்லாமல் நின்றிருக்கிறது.

ஓடினேன்.

மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஹெட்போன் காதில். அதன் வயர் கட்டிலிலிருந்து தொங்கி, தரையில் கிடந்தது. எதிலும் செருகவில்லை.

அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

ஹெட்போனைப் பிடுங்கினேன். என் காதில் வைத்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால்... அந்த மௌனத்தை எனக்குத் தெரியும். பன்னிரண்டு தடவை வெட்டியிருக்கிறேன்.

திரும்பி வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். ஃபைலின் மேல் அம்பை வைத்தேன். ஒரு தட்டு தட்டினால் போதும், மொத்தமும் அழிந்துவிடும். அவள் குரலும் போய்விடும், போகட்டும் என்றுகூட மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

அழித்தால் இடம் வரும்.

இடம் வந்தால்...

விரலை எடுத்துவிட்டேன். என்னால் ஆனது அவ்வளவுதான். லேப்டாப்பை மூடினேன். அழிக்கவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல், சாயங்காலம் வரை மகள் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எழுந்ததும் அவள் பால் கேட்டாள். எப்போதும் போலத்தான் இருந்தாள்.

இருட்டுவதற்குள் மைத்துனன் வந்தான். நான் அடித்து வைத்திருந்ததைப் படித்தான். சிரிக்கவில்லை. திருகாணியைக் கழற்றி லேப்டாப்பைப் பிரித்துப் பார்த்தான்.

"மாமா, இதுல மைக் செத்து ரெண்டு வருஷமாச்சு. அக்கா கதை சொன்னதே இதுல இல்ல. என்னோட ரெக்கார்டர்ல."

"அதுல இருந்துதானே இதுல ஏத்தினே?"

"ஆமா. நான்தான் ஒண்ணொண்ணா உக்காந்து வெட்டி ஏத்தினேன்."

"எதை வெட்டினே?"

"கதை முடிஞ்ச உடனே வெட்டிடுவேன். சொல்லி முடிச்சா அக்கா அழுவா. அது பாப்பா காதுல விழக் கூடாதுன்னு, கடைசி வார்த்தையோட நிறுத்தச் சொல்லிட்டா." அவன் என்னைப் பார்த்தான். "நான் குடுத்ததுல மௌனமே கிடையாது மாமா."

நான் வெட்டிய அந்த வால்களை யார் சேர்த்தார்கள்? இன்று வரை எனக்குத் தெரியாது. எவ்வளவு காலமாக என் மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதும் தெரியாது.

லேப்டாப்பை அவன் எடுத்துப் போய்விட்டான். பேட்டரியைக் கழற்றி, அவன் வீட்டு இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறான். நான் கடமை மாதிரி தினமும் போன் செய்து, அது அங்கேயேதான் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வேன்.

நேற்று மதியமும் கேட்டேன். இருக்கிறது என்றான். போனை வைத்தேன். திரையில் ஓர் அறிவிப்பு. உங்கள் போனில் இடம் போதவில்லை.

திறந்து பார்த்தேன். போட்டோவுக்கு ஒரு மெல்லிய கோடு. பாட்டுக்கு ஒரு மெல்லிய கோடு. மிச்சமெல்லாம் சாம்பல் நிறம்.

மற்றவை.

பின்னால் மகள் நின்றிருந்தாள். பள்ளிப் பையைக்கூட இன்னும் இறக்கவில்லை. எத்தனை நேரமாக நிற்கிறாளோ... என் தோளுக்கு மேலே எட்டி அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இடம் பண்ணிக் குடுங்கப்பா" என்றாள். "அம்மா கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல."