பரிபூரணத்தோட மூச்சுக்கோடு

பரிபூரணத்துக்கு வலது நுரையீரல்ல அடிப்பக்கம் கட்டி. எலுமிச்சம்பழ அளவுன்னு டாக்டர் சொன்னாரு. "எலுமிச்சையில பெருசும் இருக்கு, சிறுசும் இருக்கு. எது?"ன்னு கேட்டா.

புருசன் ஞானராஜ் செத்துப் போய் எட்டு வருசமாச்சு. பிள்ளகுட்டி கெடையாது. இராஜபாளையத்துல ஒத்த ரூம் வாடகை வீடு. காலையில ஒம்பது மணி வரைக்கும் யாரும் வந்து பேச மாட்டாக. அதுக்குப் பொறவு வாயத் தொறந்தா மொத வார்த்தை கரகரன்னுதான் வரும்.

கதிர்வீச்சுக்கு ஊர்ல கரண்டு வைக்கதுன்னு பேரு. அதுக்கு முன்னால ஸ்கேன் எடுக்கணும்னு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாக. ஸ்கேன் எடுக்குறவன் பேரு ஜெர்வின். முன்னந்தல வழுக்கை, நல்ல மனுசன். அவள மேசையில படுக்கப் போட்டு வயித்து மேல சின்னதா ஒரு பெட்டிய வச்சான். அதுல பளபளன்னு புள்ளி. மூச்சு விட விடப் பெட்டி ஏறி எறங்கும், கேமரா அதப் பாத்துக் கம்ப்யூட்டர்ல கோடு போடும்.

"ஆச்சி, எப்பவும் போல மூச்சு விடுங்க."

"எப்பவும் போல விடாமலா இத்தன வருசம் உசுரோட இருக்கேன்?"

எடுத்துப் பாத்தா படத்துல கட்டி ரெண்டு துண்டாத் தெரியுது.

"ரெண்டாகிப் போச்சா?"ன்னா.

"ஒண்ணுதான் ஆச்சி. மூச்சோட சேந்து அது மேலயும் கீழயும் போகும். மிஷினு கொஞ்சங் கொஞ்சமா எடுத்துச் சேக்குது. மூச்சு தாறுமாறா இருந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. கட்டி எங்கன நிக்குன்னு தெரியலன்னா சுத்தி அகலமாக் கரண்டு வைக்கணும். நல்ல நுரையீரலும் வெந்துரும்."

"அதுல என்ன மிச்சம் இருக்கு? மில்லுப் பஞ்சு தின்னது போக."

"அதனாலதான் சொல்லுதேன் ஆச்சி. இருக்கதக் காப்பாத்தணும்லா."

ஒரு வாரம் வீட்டுல பழகிட்டு வரச் சொல்லி அனுப்புனான். பாயில மல்லாந்து படுத்து, வயித்துல ஒரு கிலோ உப்புப் பாக்கெட்ட வச்சுக்கிட்டு, அது ஏறி எறங்கதையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. கேக்க ஆளில்லாத வீடு. தொட்டில் ஆடுத கணக்கா அம்புட்டு ஒழுங்கா வந்துச்சு.

ரெண்டாந்தடவையும் படம் பிஞ்சுபோச்சு.

ஜெர்வினுக்கே முகம் வாடிப்போச்சு. கோட்டக் காட்டுனான். மொதல்ல அலை அலையா நல்லா இருக்கு. திடீர்னு கோடு தட்டையாப் படுத்துருச்சு. அப்புறம் பொடிப்பொடியா ரெண்டு மூணு, திரும்பவும் தட்டை.

"இங்கன என்ன நடந்துச்சு?"ன்னு கேட்டா.

"மிஷின் சுத்த ஆரம்பிச்ச நேரம் ஆச்சி."

"ஏலே, ஆளில்லாம அத இன்னொருக்கா சுத்த விடு."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னா. உள்ள மிஷின் உய்யின்னு கெளம்பிச்சு. அவ கை தன்னால முந்தானைய இழுத்து மூக்கப் பொத்துச்சு. மூச்சு அடச்சு நின்னுச்சு.

"அட மூதேவி"ன்னு தன்னையே ஏசிக்கிட்டா.

முப்பத்தோரு வருசம் நூல் மில்லுல, பஞ்சச் சிக்கெடுத்துச் சீவுத கார்டிங் டிபார்ட்மெண்டு. நின்ன மிஷின் கெளம்பும்போது பஞ்சுத்தூசி குப்புன்னு பறக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் எல்லாப் பொம்பளயும் மூச்ச நிறுத்திருவாளுக, பொறவு துணி வழியாக் கொஞ்சங் கொஞ்சமா உறிஞ்சுவாளுக. மில்ல விட்டு வந்து அஞ்சு வருசமாச்சு. ஒடம்பு இன்னும் வேலைக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கு.

ஜெர்வின்கிட்ட இன்னும் பத்து நாள் கேட்டுக்கிட்டு வந்தா. மறுநா காலையிலேயே மில்லுப் பின்சுவர்கிட்டப் போய் நின்னா. உள்ள மிஷினுக கெளம்புத சத்தம் சுவத்தத் தாண்டி வரும். வாட்ச்மேன் தங்கப்பாண்டியன் புதுசா வந்தவன்.

"யாரும்மா வேணும்?"

"யாரும் வேண்டாம். மூச்சு விட வந்திருக்கேன்."

"வீட்டுல காத்து இல்லியோ?"

"காத்து இருக்கு. சத்தந்தான் இல்ல. நீ ஒஞ்சோலியப் பாரு."

மொத மூணு நாளும் சத்தம் கெளம்பக் கெளம்ப நெஞ்சு பூட்டிக்கிட்டுது. வயித்துல கைய வச்சு, போ வான்னு அதுக்குச் சொல்லிச் சொல்லி விட்டா. ஷிப்டு முடிஞ்சு பிள்ளைக வெளிய வந்தாளுக. ஒரு காலத்துல இவகிட்டத் தொழில் படிச்ச மாரிச்செல்வி செல்போன்ல பேசிக்கிட்டே கடந்து போனா. "ஏட்டி"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கூப்பிட்டா மூச்சு கெட்டுரும்னு கூப்பிடல. எட்டாம் நாளு சத்தம் வந்ததே தெரியாம வயிறு ஏறி எறங்கிச்சு.

மூணாந்தடவை மேசையில படுத்தா. மிஷின் உய்யின்னுச்சு. முந்தானைக்குப் போகப் பாத்த வெரல மேசையோட அழுத்திப் பிடிச்சா. போ, வா. போ, வா.

ஜெர்வின் சிரிச்சுக்கிட்டே ஓடியாந்தான். "ஒரே கட்டி ஆச்சி! ஓரமெல்லாம் சுத்தமாத் தெரியுது. சின்னதா, அளவாக் கரண்டு வச்சாப் போதும். கூட வந்தவங்களக் கூப்பிடுங்க, நாளெல்லாம் சொல்லணும்."

"எங்கிட்டயே சொல்லு. கட்டி எங்கிட்டதான இருக்கு."

அவன் பேப்பரப் பாத்துச் சொன்னான். "முப்பது நாள் வரணும் ஆச்சி. தெனமும் பத்து மணிக்கு. சனி, ஞாயிறு லீவு."

தெனமும் பத்து மணிக்கு ஒருத்தன் தன்ன எதிர்பாத்து இருப்பான்னு நெனச்சுப் பாத்தா.

"ஞாயித்துக்கெழம கோயில்ல ஜெபம் இருக்கு. சனிக்கெழம நான் எங்க போவேன்?"