மாமன் எடுத்த அகலக்கரைச் சேலை

சேலை எடுக்கப் போகும் ஆண்கள் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முகூர்த்தத்துக்குத் தாய்மாமன் எடுத்த சேலையைத்தான் பெண் கட்டவேண்டும் என்பது எங்கள் வழக்கம். பண்ணைப்புரத்தில் இருக்கும் என் தங்கை மகள் பொன்னுத்தாய்க்குப் பெரியகுளத்துக் கடையில் எடுத்தேன். நெட்டையான கடைக்காரர் தம் தோளில் போட்டுக் காட்டினார். மேலே விரலகலக் கரை; கீழே சாண் அகலச் சிவப்புக் கரை, மலைச்சரிவில் அந்தி இறங்கியதுபோல. மயங்கி வாங்கிவிட்டேன். பொன்னுத்தாய் குட்டை, இடுப்பு அகலம் என்பதை நினைக்கவே இல்லை.

கல்யாணக் காலையில் கட்டிக்கொண்டு நின்றாள். கரை கெண்டைக்கால்வரை ஏறி, அவளை இன்னும் குட்டையாக்கியிருந்தது.

"செம்மண் பூசுன நெல்லுக் குதிரு மாதிரி இருக்கேன் மாமா. இப்படிச் சபைக்கு வரமாட்டேன்" என்றாள்.

"மாப்பிள வீட்டுக்காரக வந்துட்டாகடி. மாமன் சேலைய அவுத்தா அண்ணன் உறவே அத்துப்போகும்" என்று தங்கை அழுதாள்.

பொன்னுத்தாய் உள்ளே போய், அதே சேலையைத் தலைகீழாகத் திருப்பிக் கட்டிவந்தாள். குறுகிய கரை பாதத்தில் நின்றது. அகலக் கரை இடுப்பிலிருந்து தோளுக்குச் சாய்வாக ஓடியது. ஒரு பிடி வளர்ந்தவள்போல இருந்தாள். தாலி ஏறியது.

இப்போதெல்லாம் கட்டப்போகிறவளைக் கேட்காமல் நான் சேலை எடுப்பதில்லை. முதலில் என் மனைவியைக் கேட்டேன்.

"இதக் கேக்க இருவது வருசமாச்சாக்கும்" என்றாள். பிறகு, தன் ஒல்லி உடம்புக்கு அகலக் கரையும் மொடமொடப்பான நூலும்தான் எடுப்பாக இருக்கும் என்றாள். அதுவரை நான் அவளுக்கு எடுத்ததெல்லாம் மெல்லிசுச் சேலைகள்.