கரியாலூர் ஜீப்பின் டிஃபரன்ஷியல்

தம்பி செல்வத்தின் குறுகிய நேர்பாதையில் சீறும் டிராக் ரேஸ் கார், புறப்படும் வேகத்திலேயே பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியலின் பற்சக்கரப் பல்லை உடைத்துக்கொள்கிறது. உடையாத ஒன்றைத் தேடி இன்று கள்ளக்குறிச்சியில் பழைய உதிரிபாகக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் ஒன்றைக் காட்டினார். "கரியாலூர் ஜீப்புதுங்க. ஆளு, பலாப்பழம்னு எவ்ளோ ஏத்திக்கினு ஓடியிருக்குது. ஒரு பல்லுகூட போவல."

அந்த ஜீப்பை எனக்குத் தெரியும். விடுமுறைக்கு மலைமேல் கரியாலூரில் இருந்த அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதன் பின்னால் தொங்கிக்கொண்டுதான் மலையேறுவேன்.

செங்குத்தான வளைவு வந்தால் டிரைவர் நிறுத்திவிடுவார். "ஆம்பளைங்க எல்லாம் எறங்கி நடங்க. பின்னாடி பல்லு தாங்காது."

ஈர மண் வாசனையில் கதை பேசியபடி நடந்து, மேலே போய் ஏறிக்கொள்வோம்.

"இன்னாண்ணா, எடுத்துக்கலாமா?" என்றான் செல்வம். மறுக்க மனம் வரவில்லை. வாங்கிவிட்டோம்.

காரில் அவன் ஒருவன்தான் உட்காருவான். ரேஸ் தொடங்கும்போது யாரை இறங்கி நடக்கச் சொல்வது?